ஆறாவது டிராக்

பதிவில் எல்லாம் இருந்தது, தம்பியின் குரல் மட்டும் இல்லை.

மழை இருந்தது. மரத்தரையில் நடக்கிற காலடிச் சத்தம் இருந்தது. கதவைத் தள்ளும்போது எழும் கிறீச் சத்தம்கூட அச்சு அசலாக இருந்தது. ஆனால் சோபாவுக்குப் பின்னால் இருக்கும் விளக்கை நெருங்கியதும், "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று அவன் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அவள் பதிவைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை கேட்டாள். அதே மழை, அதே காலடி, அதே கதவு. குரலை மட்டும் யாரோ பார்த்துப் பார்த்துக் கத்தரித்து எடுத்திருந்தார்கள்.

அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சினிமாவுக்கு ஒலிக்கலவை செய்கிற ஸ்டுடியோவில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள். ஊரார் படங்களுக்கெல்லாம் தொலைந்த குரலைத் தேடிப் பிடித்து, தூசி தட்டிக் கொடுக்கிறவள். அப்படிப்பட்டவளின் கைக்குச் சொந்தத் தம்பியின் குரல் அகப்படவில்லை என்றால் எரிச்சல் வராதா?

"வந்துச்சாடி?" என்றாள் அம்மா, சோபாவின் வலது ஓரத்திலிருந்து.

"இல்லம்மா. கேம் ஓடும்போது வருது. ரெக்கார்டிங்ல வரல."

"அவன் எப்பவும் அப்படித்தான். போட்டோ எடுக்கலாம்னு கூப்பிட்டாலே ஓடிருவான்."

அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வெளியே நிஜ மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்ததால் ஹாலில் மதியமே சாயங்காலம்போல மங்கிக் கிடந்தது.

தம்பிக்கு நுரையீரலில் நோய். கடைசி வருஷத்தில் வெளியே போக முடியாமல், இந்த சோபாவும் டிவியும் அதன் கீழே இருக்கிற கேம் பெட்டியும் ஹாலைச் சுற்றி இருக்கிற ஆறு ஸ்பீக்கரும்தான் அவன் உலகம் என்று ஆகிவிட்டது. அதில் ஒரு விளையாட்டு இருந்தது. மழை ஓயாத ஒரு தீவில் நமக்குப் பிடித்த மாதிரி வீடு கட்டிக்கொள்ளலாம். சண்டை, சுடுதல் ஒன்றும் கிடையாது. அவன் வேறு வீடெல்லாம் கட்டவில்லை, இந்த வீட்டையேதான் கட்டினான். இதே ஹால், இதே நடை, சமையலறையில் குழாய்க்குப் பக்கத்தில் பெயர்ந்த ஓடுகூட அதே இடத்தில். அந்த விளையாட்டில் விளக்கு வைக்கலாம், விளக்குக்குள் நம் குரலைப் பேசி வைக்கலாம். யாராவது பக்கத்தில் போனால் விளக்கு எரியும், விளக்கு இருக்கிற திசையிலிருந்து குரல் வரும். பேச மூச்சு போதாமல் போவதற்கு முன்பே அவன் வீடு முழுக்க விளக்கு ஏற்றி வைத்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அவன் போன பிறகு ஒருநாள், பெட்டியைத் துடைக்கப் போய், எதையோ அழுத்தி, அம்மாதான் அதைக் கண்டுபிடித்தாள்.

அன்றிலிருந்து தினமும் மகளை உட்காரவைத்து அந்த வீட்டுக்குள் நடக்கச் சொல்வாள். சமையலறையில் ஒரு விளக்கு அம்மாவையே கிண்டல் செய்யும். அம்மா மூச்சு விடும்போது கடைசியில் மூக்கிலிருந்து மெல்லிசாக ஒரு விசில் வரும், அது சின்ன வயதிலிருந்தே வீட்டுக்குப் பழகின சத்தம். தம்பி அதைக் கேட்டதும் "யாராவது கேஸை மூடுங்கப்பா" என்று கத்துவான். விளக்கிலும் அதையேதான் கத்தியிருந்தான், முதலில் அந்த விசிலை அப்படியே அடித்துக் காட்டிவிட்டு. அம்மா ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோல "போடா" என்பாள்.

இப்போது பெட்டிக்கு முடிவுகாலம் வந்திருந்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே விசிறி அலறும், சூடான பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும், தானாக அணைந்துவிடும். பழுது பார்க்கிறவர் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "போர்டே போச்சும்மா. ஓடுற வரைக்கும் ஓட்டுங்க. அந்த வீட்டை வேற பெட்டிக்கு மாத்த முடியாது. கேம் போட்ட கம்பெனியே மூடியாச்சு."

பெட்டி நின்றால் தம்பி இன்னொரு தடவை போய்விடுவான். அதை அம்மா தாங்க மாட்டாள். உண்மையைச் சொன்னால் அவளாலும் தாங்க முடியாது. அதனால்தான் லீவு போட்டுவிட்டு, ஸ்டுடியோவிலிருந்து ஒரு பதிவுப் பெட்டியும் லேப்டாப்பும் கொண்டுவந்து ஹால் முழுக்கக் கேபிளை இறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஸ்டுடியோ சீனியருக்கு போன் போட்டாள். அவருக்கு அங்கே 'மௌனம்' என்று பெயர், வாய் ஓயவே ஓயாது என்பதால்.

"அண்ணே, முன்னால ரெண்டு ஸ்பீக்கர் மட்டும்தான் பதிவாகுது. பின்னால ரெண்டும் விழவே இல்ல."

"அட, நீயே இப்படிக் கேட்டா எப்படிம்மா? கேம் பெட்டி ஆறு சேனலையும் சுருக்கி மூட்டை கட்டி அனுப்பும். பதிவுப் பெட்டிக்கு மூட்டையைப் பிரிக்கத் தெரியாது, மேலாக ரெண்டை எடுத்துட்டு மிச்சத்தை விட்டுரும். செட்டிங்ஸ்ல போய் சுருக்காம அனுப்பச் சொல்லு. லேப்டாப்புலயும் ஸ்டீரியோன்னு இருக்கிறதை ஆறுன்னு மாத்து. இல்லன்னா அது ஒண்ணு, இது ஒண்ணு..."

"சரிண்ணே."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க." மௌனமும் ஆச்சரியமாக ஒன்றும் பேசாமல் போனை வைத்தார்.

அவர் சொன்னபடியே மாற்றினாள். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு டிராக்குகள் தோன்றின. ஒவ்வொன்றையும் எந்த ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும் என்று வரிசையாகக் குறித்தாள். கை தானாகவே குறித்தது. பிறகு கேம் பெட்டியைப் போட்டு, தம்பி கட்டிய ஹாலுக்குள் நடந்து, சோபாவுக்குப் பின்னால் இருக்கும் விளக்கின் அருகே போய் நின்று, பதிவு செய்து, பெட்டியை உடனே அணைத்தாள். ஆறு டிராக்கிலும் கோடுகள் விழுந்திருந்தன. "விழுந்துருச்சும்மா" என்றாள்.

பதிவை ஓடவிட்டாள். மழை முன்னாலிருந்து வந்தது. காலடி வந்தது. தரையில், சோபாவின் கால்கள் வழியாக, ஏதோ ஒன்று மெல்லத் தள்ளுவதும் விடுவதுமாக இருந்தது. தூரத்து இடியாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு, "அம்மா, மாத்திரை போட்டியா?"

அம்மா முகம் மலர்ந்தது. "ஆங்! இப்பதான்டி சரியாக் கேக்குது."

அம்மா சந்தோஷமாகத் தலையைத் திருப்பினாள். வலப்பக்கமாக.

குரல் வலப்பக்கம் வந்ததை அவளும் கவனித்தாள், உடனே தன் தவறும் புரிந்தது. சினிமாக்காரர்களின் வரிசை வேறு, கேம் பெட்டியின் வரிசை வேறு. ஸ்டுடியோவில் பின் ஸ்பீக்கர்கள் நாலாவதும் ஐந்தாவதும். ஆறாவதாக, கடைசியில், அடிவயிற்றில் அதிர்கிற சப்-ஊஃபர். கேம் பெட்டியிலோ சப்-ஊஃபர் நாலாவது, பின் ஸ்பீக்கர்கள் ஐந்தும் ஆறும். பழக்கதோஷத்தில் ஸ்டுடியோ வரிசையையே போட்டுவிட்டாள். அதனால் பின் இடது ஸ்பீக்கரில் வர வேண்டிய தம்பி பின் வலதில் வந்துவிட்டான். பின் வலதில் வர வேண்டியது எதுவோ, அது சப்-ஊஃபருக்குப் போய்த் தரையைத் தள்ளியிருக்கிறது. மௌனத்துக்குத் தெரிந்தால் ஒரு மாதத்துக்கு வைத்து ஓட்டுவார். அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே வரிசையை மாற்றப் போனாள். அப்போதுதான் கை நின்றது.

அம்மாவுக்கு வலது காது கேட்காது.

கொஞ்சம் மந்தம் என்கிற கணக்கில்லை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் நரம்பே செத்துவிட்டது, அந்தக் காதருகில் பட்டாசு வெடித்தாலும் திரும்ப மாட்டாள். வீட்டில் எல்லாமே அதற்கு ஏற்றபடிதான். அம்மா சோபாவின் வலது ஓரத்தில் உட்காருவாள், கேட்கிற காதுப் பக்கமாக நடுவில் தம்பி உட்காருவான். விளக்குகளைக்கூட அவன் இடப்பக்கமாகவே பார்த்துப் பார்த்து வைத்திருந்தான். அம்மாவுக்காகவே கலவை செய்திருந்தான் என்று முதல்முறை புரிந்தபோது அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். அவள் தொழில் அது. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"அம்மா, உனக்கு எந்தக் காதுல கேட்டுச்சு?"

"இதுலதான்" என்று அம்மா வலது காதைத் தொட்டுக் காட்டினாள், ரொம்ப சாதாரணமாக.

சுவரில் பட்டுத் திரும்பி இடது காதுக்கு வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சின்ன அறை, சாத்திய ஜன்னல், சத்தம் எங்கே வேண்டுமானாலும் பட்டுத் திரும்பும். சரியான காரணம்தான். அதை இன்னொரு முறை சொல்லிக்கொண்டே வரிசையை மாற்றினாள்.

திரும்ப ஓடவிட்டாள். இப்போது மழை, காலடி, கதவு எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. இடது பின்னாலிருந்து, ஒழுங்காக, "அம்மா, மாத்திரை போட்டியா?" தரை தள்ளுவது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வலது பின் ஸ்பீக்கரில் வேறொரு சத்தம் வந்தது. மழைக்கு அடியில், காலடிக்கு அடியில், ரொம்பச் சன்னமாக. ஏறும். ஒரு படியில் தடுக்கினதுபோல நடுவில் நிற்கும். பிறகு இறங்கும்.

அம்மா தலையை வலப்பக்கம் சாய்த்தபடியே இருந்தாள்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மற்ற ஐந்து டிராக்குகளையும் ஊமையாக்கினாள். ஆறாவது மட்டும் ஓடியது. மூச்சு. ஒரு மனிதனின் மூச்சு. விளையாட்டுகளில் மூச்சுச் சத்தம் வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இது அந்த மூச்சில்லை. இது அவளுக்குத் தெரியும். கடைசி நாட்களில் இந்த வீட்டில் எல்லோரும் இதைக் கேட்டுக்கொண்டேதான் சாப்பிட்டார்கள், குளித்தார்கள், தூங்குவதுபோல் படுத்துக் கிடந்தார்கள். ஏறும், தடுக்கும், இறங்கும். பேசுவதற்குத் துளிக் காற்றும் மிச்சமில்லாத மூச்சு. விளக்குகளில் அவன் பேசி வைத்ததெல்லாம் அதற்கு வெகு முன்னால். இந்த மூச்சை யாரும் எதிலும் பதிவு செய்யவில்லை. சத்தத்தையே பிழைப்பாக வைத்திருக்கிறவள், அவளுக்கே அதைப் பதிவு செய்யக் கை வந்ததில்லை.

அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவளையும் அறியாமல் கண்ணில் நீர் வழிந்திருந்தது. பயமா, ஏக்கமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

எங்கோ ஒரு மைக் திறந்திருக்கிறது. அதுதான். அறையில் இருக்கிற அம்மாவின் மூச்சை எடுத்து உள்ளே கலக்கிறது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். லேப்டாப்பின் மைக் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. கேம் பெட்டியோடு வந்த மைக்கைத் தேடினாள், அது டிராயருக்குள் வயர் சுற்றியபடி கிடந்தது. மேலும், அம்மாவின் மூச்சு இப்படி இருக்காது. அம்மாவின் மூச்சில் விசில் இருக்கும்.

பெட்டியைத் திரும்பப் போட்டாள். விளையாட்டுக்குள் போகவில்லை. மெனு மட்டும், பாட்டையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்தாள். ஐந்து டிராக்குகள் நேர்கோடாக ஓடின. ஆறாவது ஏறியது, தடுக்கியது, இறங்கியது.

எழுந்துபோய் வலது பின் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரின் சின்ன பச்சை விளக்கு அணைந்தது. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அந்தக் குறுகலான சந்தில் தூசி வாசனையும், அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தன. மருந்து நெடி. வியர்வையில் நனைந்த தலையணை உறை. எல்லாவற்றையும் துவைத்து, வெயிலில் போட்டு, யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. அவள் வேகமாக வெளியே வந்தாள்.

"அம்மா, இன்னைக்குப் போதும்."

"அவன் ரூம் விளக்கு எடுக்கலையே."

அந்த வீட்டில் தம்பியின் அறைக்குள் மட்டும் அவர்கள் இதுவரை போனதில்லை. ஒவ்வொரு முறையும் கதவு வரைக்கும் போய், அம்மாதான் "வேண்டாம்டி, அது இருக்கட்டும்" என்று திருப்பிவிடுவாள். கேட்காத குரல் ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும் என்று.

"நீதானே வேண்டாம்பே?"

"இன்னைக்குப் போலாம்கிறான்."

"யாரு?"

அம்மா வலது தோளுக்குக் கீழே சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரனின் முதுகைத் தடவுகிற தடவல் அது.

வேண்டாம் என்று அவளுக்குள் எல்லாமே சொன்னது. ஆனால் பெட்டியின் விசிறி அலற ஆரம்பித்திருந்தது, பிளாஸ்டிக் நாற்றம் எழுந்திருந்தது. இப்போது அணைத்தால் திரும்ப எழுந்திருக்குமா என்பது சந்தேகம். அந்த அறையில் இருப்பது அவன் கடைசியாகப் பேசியது. அதை விட்டுவிட அவளால் முடியவில்லை. பதிவை ஆரம்பித்துவிட்டு, ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு, அந்த வீட்டுக்குள் நடந்தாள்.

ஹால். நடை. இருட்டில் மழை. கதவைத் தள்ளினாள். கட்டில் இருந்தது, ஜன்னல் இருந்தது, கட்டிலின் இடப்பக்கம் ஒரு விளக்கு இருந்தது. கிட்டே போனதும் மஞ்சளாக எரிந்தது.

"அக்கா, இது உனக்கு." மூச்சு வாங்கியது. சிரிக்க முயன்றான். "ரோட்டுல போகும்போது அம்மாவோட வலது பக்கம் நட. நான் எப்பவும் அங்கதான் நடப்பேன், நீ கவனிச்சிருக்க மாட்டே. அந்தப் பக்கம் எது வந்தாலும் அவளுக்குக் கேக்காது. அந்தப் பக்கத்தை மட்டும் சும்மா விட்டுறாதே, என்ன?"

அவ்வளவுதான். திரை வெள்ளையாக ஒரு தடவை மின்னியது. பெட்டிக்குள் ஏதோ பட்டென்று வெடித்தது. வீட்டின் மின்சாரம் மொத்தமாகப் போனது.

விசிறி நின்றது. டிவி நின்றது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அடங்கியது. மழைகூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. லேப்டாப் திரை மட்டும் பேட்டரியில் நீலமாக எரிந்தது. போய்விட்டான், இரண்டாவது தடவையாக. அவளுக்கு அலறி அழவேண்டும் போலிருந்தது. ஆனாலும் எடுத்துவிட்டோம், கடைசி விளக்கையும் எடுத்துவிட்டோம் என்று திரையைப் பார்த்தாள்.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து நேர்கோடுகள். ஆறாவதில் மூச்சு.

கேம் பெட்டி செத்துக் கிடந்தது. பதிவுப் பெட்டியில் வெளிச்சமில்லை. லேப்டாப்பிலிருந்து கேபிளை உருவினாள். அதன் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கோடு ஏறியது. தடுக்கியது. இறங்கியது.

"அம்மா."

"ஷ்ஷ். இப்பதான் கண் அசர்றான்."

அம்மா வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வலது தோள் கீழே இறங்கியிருந்தது. ஒரு தலையின் பாரம் இருந்தால் இறங்குகிற அளவுக்கு. வலது காதோரம் நரைத்த முடி நாலைந்து இழை தளர்ந்து தொங்கியது. அது அசைந்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. முடி மெல்ல விலகியது. நின்றது. திரும்ப வந்து காதில் படிந்தது.

ஏறும். தடுக்கும். இறங்கும்.

அந்தப் பக்கத்தைச் சும்மா விட்டுறாதே.

எழுந்து அங்கே போய் நிற்க வேண்டும். சோபாவைச் சுற்றி நாலு எட்டு. அந்தச் சந்துக்குள். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அங்கே இருப்பது தம்பி என்றால் எதற்கு இந்தப் பயம்? தம்பி இல்லை என்றால், அவன் மூச்சு அதற்கு எப்படித் தெரியும்?

ஹெட்போனில் மூச்சு மாறியது. அவளுக்கு அதுவும் தெரியும். அன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். முதலில் ஒரு இடைவெளி. பிறகு ஒன்று. அதைவிடப் பெரிய இடைவெளி. பிறகு ஒன்று, சின்னதாக, கடனே என்று. அதற்கு அப்புறம் ஒன்றும் கிடையாது.

இடைவெளி.

ஒன்று.

பெரிய இடைவெளி. திரையில் ஆறாவது கோடு நேராக ஓடியது. அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள். போதும்டா, தூங்கு என்று ஒரு மனசு கெஞ்சியது. போகாதேடா என்று இன்னொரு மனசு கெஞ்சியது.

ஒன்று. சின்னதாக.

பிறகு ஒன்றும் இல்லை. கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அம்மாவின் காதோர முடி அசையாமல் தொங்கியது. அவள் முகத்தை இரண்டு கைகளிலும் புதைத்துக்கொண்டு அழுதாள். அன்று அம்மாவுக்காக அடக்கிவைத்த அழுகை எல்லாம் இப்போது வந்தது. "முடிஞ்சிருச்சும்மா" என்றாள் விரல்களுக்குள்ளே. "அவன் போயிட்டான்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஹெட்போனில் மெல்லிசாக ஒரு விசில் கேட்டது.

அவள் நிமிர்ந்தாள். ஐந்தாவது டிராக்கில் ஒரு கோடு எழுந்திருந்தது. பின் இடது. அம்மாவின் நல்ல காதுப் பக்கம். மூச்சு. அதன் கடைசியில், மூக்கிலிருந்து, பிறந்ததிலிருந்து அவள் கேட்டுக் கேட்டு வளர்ந்த அந்த விசில். கேஸை மூடச் சொல்ல இனி ஆளில்லாத விசில். மறுபடியும் மூச்சு. மறுபடியும் விசில்.

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கண்ணைத் திறந்தபடி, லேசாகச் சிரித்தபடி, வலப்பக்கம் சாய்ந்திருந்தாள். சேலை மடிப்பு மார்பின் மேல் அசையவில்லை. மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அசையவில்லை.

திரையில் ஆறாவது கோடு திரும்ப ஏறியது. தடுக்கவில்லை. சுகமாக ஏறிச் சுகமாக இறங்கியது, நோய் வருவதற்கு முன்பு தம்பி தூங்குகிற மாதிரி. அதற்குச் சரியாக அம்மாவின் காதோர முடி விலகியது, படிந்தது. ஐந்தும் ஆறும் மாறி மாறி ஏறி இறங்கின. ஒன்று விசிலோடு. ஒன்று விசிலில்லாமல்.

அவள் விரல் தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அதை அழுத்தினால் எது நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. விரலை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையின் ஓரத்தில் பேட்டரி சிவப்பாகியிருந்தது. அம்மாவின் வலது கை, மார்பு அசையாமல், தோளில் சாய்ந்திருக்கும் எதையோ தட்டித் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தது.